முப்பத்திரண்டும் ஒரு துண்டு டேப்பும்

குஞ்சு பொரிக்கும் பண்ணையில் அவருக்கு முப்பத்திரண்டு என்று பெயர். வயது அதைவிடக் கூடுதல், பல் அதைவிடக் குறைவு. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

பெயர் வந்த கதை இதுதான். பண்ணையின் நடு அறையில் முட்டைகளை அடைகாக்கும் மிஷின் ஒன்று நிற்கிறது. ஆள் உள்ளே நடந்து போகிற அளவுக்குப் பெரிசு. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். நெற்றியில் சிவப்பு எண்கள் எரியும்: 99.5. அது பாரன்ஹீட். பழைய மிஷின், யாரோ எங்கேயோ ஓட்டிவிட்டு விற்றது. ஆனால் முட்டை அனுப்புகிற கம்பெனி, கோழி டாக்டர், வாசலில் தொங்கும் கரும்பலகை எல்லாமே செல்சியஸ். அங்கே அதே சூட்டுக்கு 37.5 என்று பெயர். வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயரும் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரிதான், ஆள் ஒருத்தன்தான். ஆனால் பெயரை மாற்றிக் கூப்பிட்டால் வம்பு. மிஷினிடம் போய் முப்பத்தேழரை வை என்றால் முட்டையெல்லாம் விறைத்துப் போகும். பலகையில் தொண்ணூற்றொன்பதரை என்று எழுதினால் டாக்டர் வந்து உப்பும் மிளகுத்தூளும் கேட்பார்.

ஆகவே நடுவில் நின்று மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மிஷினிலிருந்து பலகைக்குப் போக, முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். பலகையிலிருந்து மிஷினுக்கு வர, ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கு நடந்த அன்று வகுப்பில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். மீதிப் பேர் தூங்குகிறவர்களின் ஷூ லேஸ்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். நம்மாள் இரண்டாவது கோஷ்டி. கையும் முடிச்சுமாகப் பிடிபட்டார். பெஞ்சு மேல் ஏறி நின்று, மணி அடிக்கும் வரை அந்தச் சூத்திரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தண்டனை. படித்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. இது மட்டும் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்த ஆணியில்தான் அவர் பிழைப்பு தொங்கியது. பண்ணைக்கு வந்த புதிதில் அவருக்குத் தட்டுக் கழுவுகிற வேலை. பின்கட்டில் ஒரு கொட்டகை. கணுக்கால் வரை தண்ணீர், உடைந்த ஓடு, செத்த குஞ்சின் நாற்றம், கையைப் பிளக்கிற மருந்துத் தண்ணீர். ஒருநாள் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளியம்மா வாசலில் நின்றுகொண்டு, டாக்டர் முப்பத்தேழரை என்கிறார், மிஷினில் அந்த நம்பரே இல்லையே, யாருக்காவது இது புரிகிறதா என்று பொதுவாகக் கேட்டார். கொட்டகையிலிருந்து தட்டும் கையுமாக நம்மாள் எட்டிப் பார்த்து, தொண்ணூற்றொன்பதரை என்றார். ஈரக் கையோடு மிஷின் அறைக்குள் போனவர்தான். அதற்கப்புறம் வெளியே வரவில்லை.

நிஜமாகவே வரவில்லை. முட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஒரு கூட்டம் பொரிந்து கிளம்புவதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிடும். மணிக்கொரு தரம் எண்ணைப் பார்த்து, மாற்றி, பலகையில் எழுத வேண்டும். போனில் அலாரம் வைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு தடுப்பறை, ஜன்னல் கிடையாது, அதில் ஒரு கட்டில். முட்டைகள் ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், மணிக்கு ஒருமுறை தட்டுகள் எல்லாம் கொர்ரென்று தாமாக மறுபக்கம் சாயும். அந்தச் சத்தம் கேட்டதும் கட்டிலில் கிடக்கிற அவரும் தூக்கத்திலேயே புரண்டு படுப்பார். அவரையும் யாரோ அடைவைத்திருக்கிற மாதிரிதான்.

சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவரால் போக முடிந்ததில்லை. டீக்கடை வரைக்கும் போவார். டீ ஆறுவதற்குள் அலாரம் அடித்துவிடும். நாக்கைச் சுட்டுக்கொண்டே குடித்துப் பழகிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூட்டைப் போட்டவரே அவர்தான்.

மிஷின் அறைக்கு வந்த கொஞ்ச காலத்தில், பின்பக்கம் அடைத்திருந்த பஞ்சு இறகுகளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். தூசிக்குக் கீழே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு சுவிட்ச் தெரிந்தது. அழுத்திப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தால் நெற்றியில் 37.5 எரிகிறது. மிஷினுக்கே செல்சியஸ் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் காட்டியிருப்பார்கள். நம்மாள் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு அப்பால் தட்டுக் கழுவும் கொட்டகை தெரிந்தது. அப்போதுதான் அவர் கை வெடிப்பெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. திரும்பப் போய் சுவிட்சை அழுத்தினார். 99.5 வந்தது. ஒயருக்குச் சுற்றுகிற கருப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அதன்மேல் ஒட்டினார். மேலே கொஞ்சம் இறகுத் தூசியையும் தூவினார். அந்த விஷயத்தில் மனுஷர் கலைஞர்.

அன்றிலிருந்து கணக்கைப் பெரிய வித்தையாகவே நடத்தினார். யாராவது பக்கத்தில் நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். நடுவில் ஒருமுறை பெருமூச்சு விடுவார். பிறகு அசரீரி மாதிரி எண் வரும். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று முணுமுணுப்பது மட்டும் மற்றவர்களுக்குக் கேட்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவருக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் இல்லை. மனைவி மலைப்பக்கம் ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்த்தார். பஸ்ஸில் பாதி நாள் தூரம். தினமும் சாயங்காலம் போன் வரும். ஆரம்பத்தில் பேசுவதற்கு ஒன்றும் தோன்றாமல், அங்கே எத்தனை டிகிரி என்று அவர் கேட்டு வைத்தார். டிகிரியெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், இன்றைக்கு ரெண்டு போர்வை என்றார் மனைவி. அதிலிருந்து அந்த அம்மாளுக்கு அதுதான் அளவு. ஒரு போர்வை, ஒன்றரைப் போர்வை, போர்வையே வேண்டாம். அவர் கட்டிலில் உட்கார்ந்து போர்வையைச் செல்சியஸாக்கி, செல்சியஸைப் பாரன்ஹீட்டாக்கிப் பார்ப்பார். அதற்கும் ஒரு சூத்திரம் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சரியாக வந்ததே இல்லை. சில நாள் நல்ல வெயில் அடித்திருக்கும், அங்கே மூணு போர்வை என்று பதில் வரும். அந்த நாட்களில் எதைக் கூட்டுவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்.

ஒருதடவை லீவு கேட்டுப் பார்த்தார். கிடைக்கவும் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

முதலாளியம்மாவின் தம்பியை இரண்டு நாளுக்கு மிஷின் அறையில் உட்கார வைத்தார்கள். சொன்னதைச் செய்கிற ஆள், சொல்லாததைச் செய்யவே மாட்டான். நம்மாள் அவனுக்குச் சூத்திரத்தைக் கற்றுக் கொடுத்தார். டாக்டர் ஒரு எண் சொன்னால் ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு, முப்பத்திரண்டைக் கூட்டு. அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஒன்று இருந்தது. எவ்வளவு சூடு என்றால்தான் முப்பத்திரண்டு. எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்றால் அந்த முப்பத்திரண்டு கிடையாது, பெருக்கி வகுத்ததோடு சரி. நாக்கு நுனி வரை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்று ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டது. அந்தக் குரல் கொட்டகை நாற்றம் தெரிந்த குரல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

பொரிகிற நாள் நெருங்கினால் சூட்டைக் கொஞ்சம் இறக்குவார்கள். அவர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் டாக்டர் போன் பண்ணி, ஒரு டிகிரி குறைத்துவிடுங்கள் என்றார். தம்பி கண்ணை மூடி, உதட்டை அசைத்து, நடுவில் பெருமூச்சும் விட்டான். ஒன்றை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்தான். ஒன்று புள்ளி எட்டு. முப்பத்திரண்டைக் கூட்டினான். முப்பத்து மூன்று புள்ளி எட்டு. அத்தனையையும் மிஷினில் குறைத்தான். 99.5 இருந்த இடத்தில் 65.7 என்று வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். குளிர்காலம் வேறு. சூடாக்கும் கம்பி அணைந்தது, காற்றாடி மட்டும் ஓடியது. அறை குளிர்கிறதே என்று வீட்டுக்கு ஆள் அனுப்பி ஸ்வெட்டர் வரவழைத்துப் போட்டுக்கொண்டான். பலகையில் எண்ணை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸில் அலாரம் அடித்ததும் மனசு கேட்காமல் நம்மாள் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நரம்பு தெரிந்தது, துடிப்பு இல்லை. ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே கொத்துகிற சத்தம் வருமா என்று ரொம்ப நேரம் வைத்திருந்தார். தட்டுத் தட்டாகப் பின்கட்டுக்குச் சுமந்து போனதும் அவர்தான். யாரையும் தொட விடவில்லை.

தம்பிக்கு அன்றிலிருந்து ஸ்வெட்டர் என்று பெயர் நிலைத்தது. வெயில் காலத்திலும் அதுதான் பெயர். முதலாளியம்மா அவனைத் திட்டிய திட்டில் பக்கத்துத் தெருவில் கடை சாத்தினார்கள். நம்மாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் நீ எங்கேயும் போகாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பதுதான் கொடுமை. மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்பார். பாதியைச் சொல்லாமல் விட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது பூட்டு இரண்டாகிவிட்டது.

அப்படியே வருஷங்கள் புரண்டன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது. போர்வைக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. விடுதியில் இருந்த காவல்கார ஜோடி போய்விட்டார்களாம். புருஷன் பெண்சாதியாக இருந்தால் பின்பக்கத்து ரெண்டு அறை வீட்டைக் கொடுக்கிறார்களாம். புருஷனுக்குத் தோட்டத்தையும் கேட்டையும் பார்த்துக்கொள்கிற வேலை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் வந்து நிக்கணுமாம். நான் சரின்னு சொல்லி சாவிய வாங்கிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா முட்டைய கேக்கணும்னு சொல்வீங்க." மனைவியே மேலே சொன்னார்: "எம் புருஷன் வந்துட்டு இருக்கார்னு சொல்லியிருக்கேன். பொய்தான். முடிஞ்சா அத நெசமாக்குங்க. இதுக்கப்புறம் நான் கூப்பிட மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. இது பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குத் தட்டுகள் சாய்ந்த ஒவ்வொரு தடவையும் அவர் விழித்துக்கொண்டே புரண்டார். போகாவிட்டால் மனைவி இல்லை. சொல்லாமல் போனால் ஸ்வெட்டரும் இன்னொரு கூட்டம் முட்டையும். சுவிட்சைக் காட்டிவிட்டுப் போனால், இத்தனை காலம் முதலாளியம்மாவை ஏமாற்றியவன் என்ற பெயரோடு போக வேண்டும். எப்படிப் பெருக்கி வகுத்தாலும் இந்த மூன்றுதான் வந்தது.

சனிக்கிழமை காலை முகம் கழுவினார். சட்டை மாற்றினார். பலகையில் எண்ணை எழுதினார். மிஷினுக்குப் பின்னால் போய்க் குந்தி, இறகுத் தூசியை ஒதுக்கி, டேப்பை உரிக்க நகத்தை வைத்தார்.

டேப் வெள்ளையாக இருந்தது.

இன்னொரு தரம் பார்த்தார். அவர் ஒட்டியது கருப்பு. இது காயத்துக்குப் போடுகிற வெள்ளை பிளாஸ்டர். ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அவர் எதையும் கத்தரிக்கோலால் வெட்டுகிற ஜாதியே இல்லை, பல்லால் கிழிக்கிற ஆள். மேலே தூவியிருந்த தூசியும் அவருடைய கைவேலை இல்லை. கொஞ்சம் அதிகமாகவே தூவியிருந்தது. புதுக் கை.

கால் மரத்துப்போகும் வரை குந்தியே இருந்தார். வாழ்க்கையில் அடுத்தவரைத்தான் அவர் ஏமாற்றியிருக்கிறார். இந்தப் பக்கம் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அலுவலக அறையில் முதலாளியம்மா குஞ்சுப் பெட்டிகளுக்கு மூடி மடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் கத்தரிக்கோல். பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டர் சுருள். நம்மாள் உரித்த துண்டை மேஜையில் வைத்தார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், இன்னொரு மூடியை மடித்தார்.

"உன் டேப்பு பசை போயி தொங்கிட்டு இருந்துச்சு. அதான் மாத்தினேன்."

"எப்பம்மா?"

"ஸ்வெட்டர் கூத்துக்கு முன்னாடியே. இறகு பெருக்கப் போனப்ப பார்த்தேன். அழுத்தினேன், முப்பத்தேழரை காட்டுச்சு."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

முதலாளியம்மா மடித்த மூடியைக் கீழே வைத்தார்.

"கேட்டா நீ வெக்கப்பட்டு போயிருவே. சுவிட்ச போட்டு வெச்சாலும் போயிருவே. மிஷின் சொல்றத நம்புறதவிட, கண்ண மூடிக்கிட்டு நீ சொல்றத நம்பறது எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் திரும்ப அழுத்திட்டு ஒட்டிட்டேன். தப்புதான். ஒரு குடும்பத்தைப் பிரிச்சு வெச்ச தப்பு."

நம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டதால் கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரே சுவிட்சுக்கு இரண்டு திருடர்கள், ஒருத்தருக்கொருத்தர் காவல். இதில் அந்த மலையில் ஒருத்தி மூணு போர்வை போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்று நினைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஊருக்குப் போறேம்மா. திரும்பி வர மாட்டேன்."

"ம்," என்றார் முதலாளியம்மா. "பஸ்சு பத்தரைக்கு."

போகலாம் என்று ஆனதும் கால் வாசல் பக்கம் போகவில்லை. மிஷின் முன்னால் போய் நின்றார். டேப்பை உரித்த கையோடு சுவிட்சை இவரே அழுத்திவிட்டு வந்திருந்தார். 37.5 எரிந்துகொண்டிருந்தது. ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்பதரை. மிஷின் சரியாகத்தான் சொல்கிறது. எரிச்சலாக இருந்தது. இன்னொரு தரமும் போட்டுப் பார்த்தார். அப்போதும் சரியாகவே இருந்தது, சனியன்.

கேட்டில் ஸ்வெட்டர் நின்றுகொண்டிருந்தான். இனி மிஷின் அறை அவனுக்கு. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, டாக்டர் ஒரு டிகிரி குறைன்னா எவ்வளவுண்ணே குறைக்கணும்?"

"ஒன்னுன்னா ஒன்னுதான். இப்ப மிஷினும் செல்சியஸ். ஒன்னையும் கூட்டாத, எதையும் பெருக்காத."

அவன் தலையை ஆட்டினான். நம்மாள் பையைத் தோளில் மாட்டி இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"தம்பி, அன்னைக்கு நான் உனக்குப் பாதிதான் சொன்னேன். ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் முப்பத்திரண்டு கிடையாது. தெரிஞ்சேதான் சொல்லல."

ஸ்வெட்டர் விரல்களை மடக்கினான். கணக்குப் போடுகிறவன் மாதிரி உதடு அசைந்தது.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாண்ணே? எனக்கு இந்தப் பேராவது வராம இருந்திருக்கும்."

"ஆமா."

"சரி, பையக் கொடுங்க." பஸ் நிறுத்தம் வரைக்கும் பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் கிளம்பும்போது, மலையில குளிருமேண்ணே, எடுத்துட்டுப் போறீங்களா என்று ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைத் திணித்தான். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஸ்வெட்டர்தான்.

பஸ்ஸிலிருந்து மனைவிக்குப் போன் போட்டார். வந்துகொண்டிருக்கிறேன் என்றார். மனைவி நம்பவில்லை. பஸ் ஹாரன் கேட்குதா என்று போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். அலாரம் அடித்தால் பாதி வழியில் இறங்கிவிடுவீர்கள் என்றார் மனைவி. அடிக்கட்டும் என்றார் இவர். அங்கே எப்படி இருக்கு என்று கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். மனைவியே சொன்னார்.

"ரெண்டு போர்வைதான். ஒன்ன வெயில்ல போட்டு வெக்கறேன்."

அவர் கண்ணை மூடினார். உதடு தானாக அசைய ஆரம்பித்தது. எதைக் கூட்டுவது என்று தெரியாமல், இந்தத் தடவை, அப்படியே விட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அலாரம் அடித்தது. அணைத்துப் போடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் சீட்டுக் குழந்தை முழித்து அழுதது. கண்டக்டர், இறங்கணுமா என்று கேட்டார். கை ஒருமுறை கம்பியைப் பிடித்துவிட்டது உண்மை. இல்லை, நீங்க போங்க என்றார். பாதித் தூக்கத்தில் ஸ்வெட்டர் பொட்டலத்தைக் கன்னத்துக்குக் கொடுத்து, ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்த தலையை இந்தப் பக்கம் திருப்பிச் சாய்த்துக்கொண்டார். அடுத்த மணிக்கு அது மறுபடி அடித்தது. மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார்.